மஞ்சப்பை வைத்தியம்

எங்கள் பெரியப்பாவுக்கு நாகர்கோவிலில் மூன்று டாக்டர்கள். முழங்காலுக்கு ஒருவர், சுகருக்கு ஒருவர், காய்ச்சல் வந்தால் தெருமுனையில் இன்னொருவர். மூவரும் கைராசிக்காரர்கள், கையெழுத்துக்குத்தான் ராசி இல்லை. மெடிக்கல் ஷாப் பையன் சீட்டை நிமிர்த்தியும் கவிழ்த்தும் பார்த்துவிட்டு, "இது சுகருக்குள்ளதா, மூட்டுக்குள்ளதா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டுதான் வாசிக்கவே தொடங்குவான். நாடி ஜோசியக்காரர்கூட இத்தனை துப்பு கேட்க மாட்டார்.

போன மாதம் பெரியப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். டோலோ, கால்பால், குரோசின். மூன்றும் 650. மூன்றும் ஒரே பாரசிட்டமால்!

"அதெப்படி மக்களே? வேற வேற டாக்டருல்லா தந்தது!" என்றார்.

வேளைக்கு மூன்றும், நாளுக்கு மூன்று வேளையும் என்றால் 5,850 மில்லிகிராம். ஒருநாள் உச்சவரம்பு 4,000. நல்லவேளை, ஈரலுக்கென்று நாலாவது டாக்டரைத் தேட வேண்டி வரவில்லை.

மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை கொட்டை எழுத்தில் எழுதும்படி மருத்துவ கவுன்சில் 2016-இலேயே விதியைத் திருத்தியது. மருந்தால் வரும் தீங்கைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஓர் இயக்கமே தொடங்கியது. இரண்டும் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி எங்கள் தெருவுக்கு வழி கேட்டுக்கொண்டிருக்கின்றன போலும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். அடுத்தமுறை டாக்டரிடம் போகும்போது, வீட்டில் கிடக்கிற மாத்திரை, டானிக், லேகியம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு போய் அவர் மேசைமேல் கொட்டுங்கள்.