பேராண்டி, ஃபைல் மேல பழி போடாதே

வாடா பல் டாக்டரே! பள்ளிக்கரணை, ரத்தினமங்கலம், காட்டாங்குளத்தூர்னு தாம்பரத்தைச் சுத்தி ஊருக்கு ஊர் பல் காலேஜ். அதுல நம்ம வீட்டுப் பையனும் ஒருத்தன்னா எனக்குப் பெருமை தாங்கல. ஆனா இன்னாமோ கேள்விப்பட்டேனே? ரூட் கெனால்ல வேரோட நீளம் அளக்கிற பெட்டி, அதான் அபெக்ஸ் லொகேட்டர், தப்பா காட்டிச்சாம். ஐயா உடனே, வேரைக் குடையுற கம்பி மேல பழியைப் போட்டு, "ஸ்டீல் ஃபைல் சரியில்ல, நிக்கல் டைட்டானியம் இருந்தா கரெக்டா வந்திருக்கும்"னு சொன்னீராம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

நான் அஞ்சாங்கிளாஸ்தான். ஆனா தாம்பரம் ரயில் ஷெட்டுல கரண்டோட மல்லுக்கட்டினவன். பீச்சுலேருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே எலக்ட்ரிக் வண்டி வந்தாச்சு. மேல கம்பியில வர்ற கரண்டு தண்டவாளம் வழியா திரும்பினாத்தான் சக்கரம் உருளும். உன் பெட்டியும் அதே ரகம்தான்: ஒரு வயரு ஃபைல்ல, இன்னொண்ணு உதட்டுல மாட்டுற கொக்கியில. நீ வீட்டுல போட்டுட்டுப் போன புஸ்தகத்தைக் கொசு அடிக்கத்தான் எடுத்தேன், உன் தங்கச்சி படிச்சுக் காட்டினா. ஜப்பான்ல சுசுகின்னு ஒருத்தர் 1942-ல நாய்ப் பல்லுல பார்த்திருக்கார். வேர் நுனிச் சவ்வுக்கும் வாய்த் தோலுக்கும் நடுவுல மின்தடை ஏறக்குறைய மாறாம நிக்குதாம். சுனாடா 1962-ல அதை மனுஷப் பல்லுக்குக் கொண்டாந்தார். கணக்கு 6,500 ஓம் பக்கம். இப்போ வர்ற பெட்டிங்க ரெண்டு அலைவரிசையில அளந்து ஒப்பிடுது. அது உனக்குத் தெரியும். தெரியணும்.

இப்போ உன் ஃபைலைப் பாரு. 15 நம்பர்னா நுனி 0.15 மில்லிமீட்டர், வெட்டுற பாகம் முடியற எடத்துல 0.47. ஸ்டீலோ நிக்கல் டைட்டானியமோ, எதுல கணக்குப் போட்டாலும் தடை ஒரு ஓம் தேறாது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுலயும் துக்குணூண்டு. 6,500 ஓமுக்கு நடுவுல அதை எந்தப் பெட்டிடா மோப்பம் பிடிக்கும்? ரெண்டையும் வெச்சு அளந்து பார்த்தவங்களும் பெரும்பாலும் சொல்லும்படியா வித்தியாசம் இல்லைன்னுதான் எழுதியிருக்காங்க.

அப்போ குளறுபடி எங்கேன்னு கேக்கணுமே? நீ கேக்கமாட்டே, நானே சொல்றேன். பல்லுக்குழியில எச்சிலும் ரத்தமும் தளும்பவிட்டா கரண்டு குறுக்குவழியில ஓடிடும். மேல பஞ்சால ஒத்தி எடு, வேருக்குள்ள ஈரம் இருக்கட்டும். பக்கத்து உலோகக் கேப்புல ஃபைல் உரசினாலும் முள்ளு தாறுமாறா குதிக்கும். அகலமான கால்வாயில சின்ன ஃபைலைத் தொளதொளன்னு விட்டாலும் அளவு நம்பும்படியா இருக்காது.

எல்லாத்தையும் விட பெரிய கள்ளன், ஃபைல்ல நீளத்துக்கு அடையாளமா மாட்டுற அந்த ரப்பர் ஸ்டாப்பர். மொளகு அளவுகூட இருக்காது. ஈரக் கையில தள்ளினா ஃபைல் மேல வழுக்கும், சாஞ்சுக்கும். பல்லோட முனையில செவ்வனே உக்காரலேன்னா, ஸ்கேல்ல வெச்சுப் படிக்கிறப்போ ஒரு மில்லிமீட்டர் சுளுவா காணாமப் போகும். பெட்டி நுனின்னு காட்டின எடத்துலேருந்து நீ பின்வாங்குறதே அரை மில்லிமீட்டர்தான்! அதைவிடப் பெருசா ரப்பர்ல கோட்டைவிட்டுட்டு, உலோகத்தை ஆராய்ச்சி பண்றாராம் ஐயா.

நிக்கல் டைட்டானியத்துக்குப் பெருமையே இல்லைன்னு சொல்லல. பல் வரிசைக்கு மாட்டுற கிளிப்புக் கம்பியைக் கடைஞ்சு 1988-ல ஃபைலாக்கிப் பார்த்தாங்க, வளைஞ்ச வேருக்குள்ள வளைஞ்சு போச்சு. கடவாப்பல்லுல விறைப்பான ஸ்டீலை வெச்சு நீ ராவோ ராவுன்னு ராவினா வளைவு நிமிந்துபோகும், நீளமும் கொஞ்சம் குறையும். முதல்ல அளந்த அளவையே கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டிருந்தா ஃபைல் நுனியைத் தாண்டி எலும்பைக் குத்தும். நடுவுல இன்னொரு தரம் அளந்தா கையா ஒடிஞ்சிடும்?

நாளைக்கு என் கடவாப்பல்லைக் காட்ட வரேன். எந்த ஃபைலை வேணும்னாலும் விடு ராசா, பில்லுல மட்டும் ஸ்டீல் ரேட்டைப் போடு.