நாய் வளர்க்கும் வள்ளல்களுக்கு ஒரு வாழ்த்துமடல்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நாய் வளர்க்கும் பெருமக்களே! உங்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மண்டபம் பிடிக்க வசதியில்லாததால் மடலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டு நாய் காதைச் சொறிகிறது, பாதத்தை விடாமல் நக்குகிறது, வயிறு சிவந்து முடி கொட்டுகிறது. விவரம் போதாதவர்கள் இந்த நேரத்தில் சீப்பை எடுத்து உண்ணி தேடுவார்கள். நீங்கள் அந்த அற்ப வேலையில் இறங்குவதில்லை. கிளினிக்கில் கால் வைத்ததும், “அலர்ஜி டெஸ்ட் எடுத்துடுங்க டாக்டர்” என்கிறீர்கள். நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே பரிசோதனை இன்னதென்று தெரிந்திருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

டாக்டர் பாவம், படித்ததை மறக்கத் தெரியாதவர். பிளேடால் தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சொறிப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்பார். செலோடேப்பை ஒட்டி எடுத்தால் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தெரியும் என்பார். முடியைச் சீவி ஈரமான வெள்ளைத் தாளில் உதறுங்கள், கறுப்புத் துகள் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு என்பார். மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவைக் கேட்டதுமே உங்களுக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கை போய்விடுகிறது. இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற உண்மை உண்மையாகவா இருக்கும்?

அதற்கும் அசராமல் அவர் இன்னொன்று சொல்வார். அலர்ஜி இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல ஏற்பட்டதல்ல இந்தப் பரிசோதனை. உண்ணி, சொறி, தொற்று, உணவு என்று ஒவ்வொன்றாகக் கழித்து, மிஞ்சியது தூசியாலோ மகரந்தத்தாலோ வரும் அலர்ஜிதான் என்று மருத்துவர் முடிவுகட்டிய பிறகு, அதற்கான தடுப்பு ஊசியில் எதையெதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கவே இது உதவும். ஒரு சொறியும் இல்லாத நாய்க்குக்கூட இதில் பாசிட்டிவ் வருவதுண்டு. இப்படி ஊருக்கெல்லாம் கடைசியில் வரும் வேலையை முதலில் முடித்துவிடும் உங்கள் சுறுசுறுப்பு அவருக்கு எங்கே புரியப்போகிறது?

உங்கள் முன்யோசனையையும் சொல்லியாக வேண்டும். தோல் பரிசோதனை என்றால் நாயை மயக்கி, விலாப்பக்கம் முடியை மழித்து, ஒவ்வொரு பொருளையும் துளித்துளியாகத் தோலுக்குள் செலுத்தி, கால் மணி நேரத்தில் எது தடிக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே அரிப்பு மாத்திரையையும், இரண்டு வாரம் முன்பே ஸ்டீராய்டு மாத்திரையையும் நிறுத்த வேண்டும். நாள்பட வேலைசெய்யும் ஸ்டீராய்டு ஊசி என்றால் நான்கு வாரம். நீங்களோ முதல் நாள் ராத்திரி நாய் தூங்கவில்லையே என்று மனமிரங்கி ஓர் ஊசி போட்டுக் கூட்டிவருகிறீர்கள். மறுநாள் தோலில் ஒன்றுமே தடிக்காது. “எங்க பையனுக்கு எந்த அலர்ஜியும் இல்ல” என்று தெருவெல்லாம் சொல்லலாம்.

ரத்தப் பரிசோதனையின் அழகு வேறு. கட்டம் கட்டமாக, சிவப்பும் பச்சையுமாக வரும் அந்த அறிக்கைக்கு இணையேது! பட்டியல் எங்கே தயாரானதோ அந்த ஊர் மரங்கள்தான் அதில் இருக்கும். பிர்ச் மரத்துக்குச் சிவப்பு என்றால், பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பிர்ச் மரம் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டியது உங்கள் பொறுப்பு. காலி மனையெல்லாம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தையும் சீமைக்கருவேலத்தையும் பட்டியல் மறந்திருந்தால் அது அவற்றின் துரதிர்ஷ்டம்.

இன்னும் முன்னேறியவர்கள் முடியையும் எச்சிலையும் உறையில் போட்டு அலர்ஜிப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாய் முடியோடு செயற்கை முடியையும் எச்சிலுக்குப் பதில் உப்பு நீரையும் அப்படி அனுப்பிப் பார்த்தார்கள். உயிரே இல்லாத அந்த முடிக்கும் அலர்ஜிப் பட்டியல் திரும்பி வந்தது! உயிருள்ளது, உயிரற்றது என்று பேதம் பார்க்காத இந்தச் சமநோக்கை ஞானிகளிடம்கூடக் காண்பது அரிது.

உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க இன்றும் நம்பத்தக்க வழி பத்தியம் ஒன்றுதான். இதுவரை தின்னாத ஒரு புரதத்தை, அல்லது அதற்கென்றே தயாரித்த உணவை மட்டும் எட்டு வாரம் கொடுத்து, அரிப்பு அடங்கியபின் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். உணவு அலர்ஜி உள்ள நாய்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எட்டு வாரத்துக்குள் தேறிவிடுகின்றன. 2016-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உணவு அலர்ஜி உள்ள நாய்களில் 34 சதவீதத்துக்கு மாட்டிறைச்சி, 17 சதவீதத்துக்குப் பால் வகை, 15 சதவீதத்துக்குக் கோழி, 13 சதவீதத்துக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்றது.

ஆவின் பால் பண்ணை இருக்கும் அம்பத்தூரில் போய், தயிர்சோறு போடாதே என்றால் நடக்கிற காரியமா? உங்கள் வீட்டில் பத்தியம் சட்டப்படி நடக்கிறது. அம்மா வைக்கும் நெய் இட்லி மட்டும் கணக்கில் வராது. “வாயில்லா ஜீவன், பார்த்துக்கிட்டே இருக்குதுப்பா” என்று தாத்தா நீட்டும் பிஸ்கட்டும், வாட்ச்மேன் தரும் பன்னும், ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பும் அன்பில் சேர்த்தி. மூன்றாம் வாரம், “டயட்டெல்லாம் வேலைக்கு ஆகல டாக்டர்” என்று நீங்களே முடிவையும் அறிவித்துவிடுகிறீர்கள்.

வாங்கிய பொருளைக் கெடாமல் காப்பதிலும் உங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. மாதாமாதம் கொடுக்க வேண்டிய உண்ணி மாத்திரை அட்டை பிரியாமல் இருக்கிறது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஊறவிட்டுக் குளிப்பாட்ட வேண்டிய மருந்து ஷாம்பு மூடி திறவாமல் மின்னுகிறது. ஔவையார் இன்று வந்தால், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் போலவே இங்கும் எல்லாம் பளபளவென்று இருக்கிறது என்று மெச்சுவார். இதுவும் தொண்டை மண்டலம்தானே!

சரி, முறைப்படி அலர்ஜி என்றே முடிவாகி, பரிசோதனையும் ஒழுங்காக நடந்தது என்று வையுங்கள். அதன் பயன் அந்தத் தடுப்பு ஊசியில்தான் இருக்கிறது. பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். நூற்றில் ஐம்பது முதல் எழுபது நாய்களுக்கு நல்ல குணம் கிடைக்கிறது. “ஒரு வருஷமா?” என்று கேட்டுவிட்டு நீங்கள் அறிக்கையை லேமினேட் செய்து பத்திரப்படுத்துகிறீர்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதை அழுக்காக்கலாமா?

இந்தப் பெருமையெல்லாம் வேண்டாம், நாய்க்கு அரிப்பு நின்றால் போதும் என்று நினைக்கும் சாமானியர் யாராவது இருந்தால், அவர்களுக்கு ஒரு வார்த்தை. வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலை அதன் பக்கம்வரை கொண்டுபோய் விடும். போகும்போது சீப்பால் சீவி உண்ணி பார்த்துவிட்டுப் போங்கள். எட்டு வாரப் பத்தியம் என்று சொன்னால், முதலில் அம்மாவையும் தாத்தாவையும் வாட்ச்மேனையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.