இன்ஷூரன்ஸ் இருக்கா?

என் பிறந்த நாளை ஒரு வருடம்கூட மறக்காதது மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுதான். வீட்டில் யாரும் எழுந்திருக்கும் முன்பே வாழ்த்துச் செய்தி வந்துவிடும். எனக்கு வயது ஏறுவதில் இத்தனை சந்தோஷமா என்று நெகிழ்ந்து போயிருந்தேன். 46 தொடங்கிய வருடம் வாழ்த்தின் பின்னாலேயே புதுப்பிப்பு நோட்டீஸும் வந்தது. ஏஜென்டுக்கு போன் போட்டேன்.

"ஸ்லாப் மாறிடுச்சு சார். 45 வரைக்கும் ஒரு ரேட்டு, அப்புறம் வேற ரேட்டு."

"ஒரே ராத்திரியில எனக்கு என்னய்யா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். ஆகலாம்னு கம்பெனி நெனைக்குது."

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகள் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. அடியோடு நீங்கியது. 118 ரூபாய் கட்டிய இடத்தில் இனி 100 கட்டினால் போதும் என்று வீட்டில் கேசரி கிளறினோம். அடுத்த நோட்டீஸைப் பார்த்தால் தொகை பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தது. "வரிதான் சார் போச்சு. மெடிக்கல் செலவு ஏறுதில்ல?" என்றார் ஏஜென்ட். வருமான வரியில் 80டி கழிவாவது உண்டே என்று ஆடிட்டரைக் கேட்டால், புது வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அதுவும் கிடையாதாம்.

செலவு ஏன் ஏறுகிறது என்று என் பெரியப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவருக்குச் சாதாரணக் காய்ச்சல். டாக்டர் ஃபீஸ், மாத்திரை, ரசம் சாதம் என்று சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். ஆனால் அது கைக்காசு. பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் வாய் திறக்கும். "வருஷா வருஷம் கட்டறேன்டா, ஒரு தடவையாவது எடுக்க வேணாமா?" என்று படுத்துவிட்டார்.

ரிசப்ஷனில் என்ன உடம்புக்கு என்று கேட்கும் முன் "இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டார்கள். "இருக்கு" என்று பெரியப்பா சொன்ன கம்பீரத்தில் காய்ச்சல் பாதி இறங்கியிருக்கும். பிறகு எல்லாம் கல்யாணப் பந்திதான். இலையில் விழுவதை யாரும் வேண்டாம் என்பதில்லை. ரத்தம், ஸ்கேன், எக்கோ, "வந்தது வந்தீங்க, இதையும் பாத்துடலாம்" என்று இன்னொன்று. பில் வந்தபோது பெரியப்பாவுக்குத் துளிக்கூடப் பதற்றம் இல்லை. "நம்ம காசா போகுது?" என்றார். ஆஸ்பத்திரியும் அப்படித்தான் நினைத்திருக்கும்.

பதற்றம் டிஸ்சார்ஜில் வந்தது. பாலிசி 5 லட்சம். அறை வாடகைக்கு நாளொன்றுக்கு 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய்தான் வரம்பு. அவர் படுத்திருந்ததோ ஜன்னலும் சோபாவும் வைத்த 10,000 ரூபாய் அறை. மிச்ச வாடகை நம் தலையில் என்பதோடு போகவில்லை. அறை வாடகையைப் பொறுத்து மாறும் டாக்டர் விசிட், நர்சிங் கட்டணங்களையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டிவிட்டார்கள். போதாததற்குக் கையுறை, பஞ்சு, முகக்கவசம் எல்லாம் 'நான்-பேயபிள்' என்று தனிப் பட்டியல். ஊசி போட்டதற்குக் காப்பீடு உண்டாம். போட்ட இடத்தில் ஒற்றிய பஞ்சுக்குக் கிடையாதாம்.

டிஸ்சார்ஜ் ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல் போட்ட விதி. ஆனால் ஆஸ்பத்திரி கோரிக்கை அனுப்பினால்தான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். காலையில் டாக்டர் "வீட்டுக்குப் போலாம்" என்றார். ராத்திரி டிபன் கேன்டீனில்.

என் சித்தப்பா மகன் வேறு ரகம். தினம் மெரினாவில் ஓடுகிறவன். "எனக்கெதுக்குண்ணா பாலிசி?" என்பான். இவனைப் போன்ற கல்லுக்குண்டுகள் எல்லாம் வெளியே நின்றால், உள்ளே மிஞ்சுவது சுகரும் பி.பி.யும் உள்ள நாங்கள்தான். எங்களில் யாராவது ஒருவர் எப்போதும் படுத்திருப்பார். க்ளெய்ம் ஏறும், பிரீமியம் ஏறும். அதைப் பார்த்து இன்னும் நாலு ஆரோக்கியசாலிகள் கழன்றுகொள்வார்கள், மறுபடி ஏறும். தம்பிக்கு ஒருநாள் நெஞ்சு சுருக்கென்றது. அன்று மாலையே ஏஜென்ட் நம்பர் கேட்டான். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரை வெயிட்டிங் பீரியட் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். பிரீமியம் இதே வேகத்தில் போனால், கட்டியது போக மிஞ்சுவதைக் காட்டிச் சீக்கிரமே நானும் தகுதி பெற்றுவிடுவேன்.

ஆஸ்பத்திரி, கம்பெனி, பெரியப்பா, எல்லோரும் யாரோ ஒருவன் காசு என்றுதான் செலவழிக்கிறார்கள். அந்த யாரோவின் பாலிசி எண் என் பீரோவில் இருக்கிறது.

இவ்வளவு பேசினேனே தவிர, கடைசித் தேதிக்கு முன்பே பணத்தைக் கட்டிவிட்டேன். கட்டாமல் இருக்கத் திடமான இதயம் வேண்டும். இதயத்துக்கு எனக்கும் வெயிட்டிங் பீரியட் போட்டிருக்கிறார்கள்.