வேனியல்: பள்ளி வண்டி குறித்த ஓர் ஆராய்ச்சி

பள்ளி வண்டி என்பது பிள்ளைகளைக் காலையில் வீட்டுப் பக்கத்திலிருந்து பள்ளிக்கும், மாலையில் பள்ளியிலிருந்து வீட்டுப் பக்கத்துக்கும் கொண்டுசேர்க்கும் ஊர்தி. ‘வீட்டுப் பக்கம்’ என்னும் சொல் இங்கே ஆராய்ந்தே ஆளப்படுகிறது. சேர்க்கையின்போது பள்ளி அலுவலகத்தில் சொல்லப்படுவது ‘வீட்டு வாசல்’. ஜூன் முதல் வாரத்தில் அது ‘தெருமுனை’ ஆகும். ஜூலையில் ‘மெயின் ரோடு மெடிக்கல் ஷாப்’ என்று வழங்கும். இலக்கணம் கூறும் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை விகாரங்களுள் இது எதன்பாற்படும் என்ற ஐயம் எழலாம். வாசல் கெட்டது, முனை தோன்றியது, மெடிக்கல் ஷாப்பாகத் திரிந்தது. எனவே மூன்றும் என்பதே துணிபு.

இவ்வூர்தி பேச்சு வழக்கில் ‘வேன்’ எனப்படும். ஐம்பது பேர் அமரும் பேருந்தாயினும் அவ்வாறே. பெயரின் வரலாற்றில் இரு கொள்கைகள் உள. பாரசீகத்தின் ‘கார்வான்’ ஆங்கிலத்தில் ‘கேரவன்’ ஆகி, அது தலையிழந்து ‘வேன்’ ஆயிற்று என்பது அகராதிக்காரர் கொள்கை. இது உண்மை என்பதைத் தவிர இதற்கு வேறு சிறப்பில்லை. ‘வருவேன்’ என்னும் தன்மை ஒருமை எதிர்கால வினைமுற்றின் கடைப்பகுதியே ‘வேன்’ என்பது மற்றொரு கொள்கை. ஊர்தி எப்போதும் எதிர்காலத்திலேயே இருப்பதும், அது வரும் என்பதற்கு அதன் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லாமையும் இக்கொள்கைக்கு வலுச்சேர்க்கின்றன. உலகத்துச் சொற்களையெல்லாம் தமிழ் வேருக்கு அழைத்து வந்துவிடும் அறிஞர்கள் இந்த ஒன்றை மட்டும் எப்படி விட்டார்கள் என்பது தனியே ஆராயத்தக்கது.

பள்ளிக்குச் செல்லும் வழிகள் நான்கு. நடை: விளக்கம் வேண்டா. அரசுப் பேருந்து: இலவசப் பயண அட்டை உண்டு, புதிய ஆண்டின் அட்டை கைக்கு வரும்வரை சீருடையே பயணச்சீட்டு. ஆட்டோ: உள்ளே எத்தனை பேர் இருந்தனர் என்பது இறங்கும்போதுதான் தெரியும். நான்காவதே இவ்வாய்வின் பொருள்.

வண்டியின் நிறம் மஞ்சள். மங்கலம் கருதி என்று உரை கூறுவோர் உளர். உண்மை வேறு. 1939இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில், ஃபிராங்க் சைர் என்ற கல்வியாளர் பள்ளிப் பேருந்துக்குப் பொதுவான தரம் காண ஒரு மாநாடு கூட்டினார். அங்கு வகுக்கப்பட்ட 44 விதிகளுள் நிறமும் ஒன்று. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் மஞ்சள்மேல் எழுதிய கறுப்பு எழுத்து தெளிவாகத் தெரியும் என்பதே காரணம். அந்த மஞ்சள் கடல் கடந்து திண்டிவனத்துக்கும் தென்காசிக்கும் வந்துவிட்டது. மீதி 43 விதிகளும் எந்தெந்தத் துறைமுகத்தில் தங்கின என்று தனித்தனியே தேட வேண்டும்.

தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்றே சிறப்பு விதிகள் 2012இல் இயற்றப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் சென்னைப் புறநகரில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இந்த இடத்தில் ஆய்வுக்கோ உரைக்கோ வேலையில்லை. தரை தரையாக இருக்க வேண்டும், அவ்வளவே. அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, உதவியாளர் ஆகியவை விதிகளில் இடம்பெறுகின்றன. 2022இல் முன்னும் பின்னும் கேமராவும், ஆளிருப்பதை உணர்த்தும் கருவியும் சேர்க்கப்பட்டன. 2017இல் சிபிஎஸ்இ வாரியம் தன் பள்ளிகளுக்கு விடுத்த அறிவுரையில், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டச் சொன்னது. வேளச்சேரியில் காலை எட்டு மணிக்கு இக்கருவி வேலை செய்கிறதா இல்லையா என்பதை எந்த ஆய்வாளராலும் நிறுவ முடியாது.

ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் மாவட்டம்தோறும் ஒரு மைதானத்தில் மஞ்சள் வண்டிகள் வரிசையாக நிற்கும். வட்டாரப் போக்குவரத்து, வருவாய், காவல், கல்வித் துறையினர் கூட்டாக ஏறிப் பார்ப்பர். தீயணைப்பு வீரர் தீயணைப்பானை இயக்கிக் காட்டுவார். ஓட்டுநருக்குக் கண் பரிசோதனை நடக்கும். அன்று கதவு திறக்கும், அவசர வழி திறக்கும், முதலுதவிப் பெட்டியும் திறக்கும். பெட்டியிலிருந்து பஞ்சைத் தவிர வேறு பொருளும் வெளிப்படுமாயின் அது நல்ல வண்டி எனப்படும்.

இனி வழித்தடம். கடைக்கோடி நிறுத்தத்தில் வண்டி ஏறும் பிள்ளை முதலில் ஏறும். மாலையில் பள்ளியிலிருந்து அதே தடத்தில் திரும்பும் வண்டியில் அப்பிள்ளையே கடைசியில் இறங்கும். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் பிள்ளையோ காலையில் கடைசியில் ஏறி, மாலையில் முதலில் இறங்கும். அந்தப் பிள்ளைக்கு வண்டியே தேவையில்லை, நடந்தே போகலாம் என்பது வேறு. வளையத் தடமாக இருந்தால் மாலையில் திசையை மாற்றி ஓட்டி இக்குறையைத் தீர்க்கலாம். பெற்றோர் கூட்டங்களில் இது கேட்கப்படுவதுண்டு. வலப்பக்கம் திரும்ப முடியாது என்பது ஓட்டுநர் தரப்பு விடை. டீக்கடை இடப்பக்கம் இருக்கிறது என்பது உரை.

தாமதம் கூட்டுத்தொகையாக வளரும் இயல்பினது. இருபது நிறுத்தமுள்ள தடத்தில் நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் தாமதமானால், கடைசி நிறுத்தத்தில் வண்டி பத்தொன்பது நிமிடம் பிந்தி வரும். முதல் நிறுத்தத்துப் பையனின் ஷூ லேஸுக்கு இருபதாம் நிறுத்தத்துத் தாய் வெயிலில் நின்று கணக்குத் தீர்க்கிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. “அண்ணா, ரெண்டே நிமிஷம்” என்று முதல் நிறுத்தத்தில் வழங்கும் தொடர் ஓட்டுநரை நோக்கிச் சொல்லப்படுவதாகவே பலரும் கருதுகின்றனர். அது உண்மையில் இருபதாம் நிறுத்தத்தை நோக்கியது. “சீக்கிரம்மா, இன்னும் பத்தொம்பது ஸ்டாப்பிங் இருக்கு” என்ற ஓட்டுநரின் மறுமொழியே இதற்குச் சான்று.

வண்டியின் வருகையை அறிவிப்பது ஹாரன். இதுகாறும் இதற்கு இலக்கணம் வகுக்கப்படாமை தமிழாய்வுலகின் பெருங்குறை. தமிழில் ஒலியை அளக்கும் அளவை மாத்திரை. கண் இமைக்கும் நேரமோ கைந்நொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை. பள்ளி வண்டி ஓட்டுநர் நிறுத்தம் வந்தபின் இமைப்பதில்லை, உற்றே பார்த்திருப்பார். கைந்நொடிக்கவும் இயலாது, இரு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். ஆகவே அளவு எது என்பதிலேயே ஆய்வாளர் இரண்டுபட்டனர். ஓட்டுநர் இமைக்காவிடினும் காத்திருக்கும் தாய் இமைப்பாள், அதைக் கொள்க என்பர் ஒரு சாரார். சட்னிக்குத் தாளிக்கும் தாய் இமைப்பது புகையால் ஆதலின் அது இயல்பான இமைப்பன்று என்பர் மறுசாரார். இம்மறுப்பு வெளியான நாள்முதல் இரு சாராரும் ஒருவர் கருத்தரங்குக்கு ஒருவர் செல்வதில்லை.

ஹாரன் ஐவகைப்படும். ஒரு மாத்திரை ஒலிப்பது குறில். வண்டி தெருவுக்குள் திரும்பிவிட்டது என்பது பொருள். இரு மாத்திரை ஒலிப்பது நெடில். வண்டி நின்றுவிட்டது என்பது பொருள். மூன்றும் அதற்கு மேலும் ஒலிப்பது அளபெடை, பொருளை இங்கு எழுதுவதற்கில்லை. அரை மாத்திரை ஒலிப்பது குற்றியலுகரம். கைக்குழந்தை தூங்கும் வீட்டின் முன்னும், நாய் வளர்க்கும் வீட்டின் முன்னும் இது வரும். ஐந்தாவது நுட்பமானது. வேற்றுமை உருபு மறைந்து நின்றால் வேற்றுமைத்தொகை, காலம் மறைந்து நின்றால் வினைத்தொகை என்பது போல, ஹாரன் மறைந்து நின்று வண்டி மட்டும் வந்து போவது ஹாரன்தொகை. பிள்ளை வீட்டிலேயே இருக்கும். தொகை விரிந்தால் தகப்பனார் லுங்கியோடு ஸ்கூட்டரை எடுப்பார்.

இரு பள்ளிகளின் வண்டிகள் ஒரே தெருவில் ஒரே நேரத்தில் ஒலிக்குமாயின் அது புணர்ச்சி. நிலைமொழி எந்தப் பள்ளி, வருமொழி எந்தப் பள்ளி என்று பிரித்தறிவது அரிது. அடுக்களையில் மிக்சி ஓடிக்கொண்டிருக்கும்போதும் தாய்மார் பிழையின்றிப் பிரிக்கின்றனர். ஆய்வாளரால் இயலவில்லை. இப்பொருளில் பட்டம் பெற்றோர் எவரும் ஏழரை மணிக்கு முன் எழுந்ததாகச் சான்று கிடைக்காததும் இங்கு கருதத்தக்கது.

ஏழரை என்றதும் ஒரு பாடபேதம் நினைவுக்கு வரும். வண்டி வரும் நேரம் அடுப்பங்கரைப் பிரதியில் (காலண்டர் தாளின் பின்புறம், நீல மை) ‘ஏழரை’ என்றும், குளிர்பதனப்பெட்டிப் பிரதியில் (காந்தம் குத்திய துண்டுச்சீட்டு, மேல் மூலை கிழிந்தது) ‘ஏழேகால்’ என்றும் காணப்படுகிறது. மூன்றாவதாக ஒரு பிரதி அண்மையில் கிடைத்தது. மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம், பென்சில் எழுத்து, எழுதியவர் பெயரில்லை, ‘7’ என்ற எண்ணுக்குப் பின் வருவது கறையில் மூழ்கியுள்ளது. கறை தேங்காய்ச் சட்னி, ஆதலின் இட்லி நாள், ஆதலின் திங்கட்கிழமை என்று காலம் கணித்தார் ஓர் ஆய்வாளர். அன்று பொட்டுக்கடலை மிகுதி, தேங்காய் குறைவு, ஆதலின் மாதக்கடைசி என்று மறுத்து நூற்றிருபது பக்கம் எழுதினார் இன்னொருவர். மூத்த உரைகாரர் ஒருவர் (இரண்டாம் மாடி, இடப்பக்க வீடு, ஓய்வு பெற்றவர், காலையில் பால்கனியிலேயே இருப்பவர்) இவையனைத்தையும் தள்ளி, ‘ஏழரை’ என்பது மணியைக் குறித்ததன்று, சனியைக் குறித்தது என்றார். இவ்விவாதம் நடந்துகொண்டிருக்கும்போது வண்டி போய்விட்டது.

வண்டிக்குள் இருவர் ஆட்சி. ஓட்டுநர் ‘வேன் அண்ணா’ எனப்படுவார், பிள்ளையின் பெற்றோரும் தாத்தாவும் அவ்வாறே அழைப்பர். உதவியாளர் ‘ஆயாம்மா’. பிள்ளையை ஏற்றுவது, இறக்குவது, சாலையைக் கடக்க வைப்பது, அழும் எல்கேஜியை மடியில் இருத்துவது, வாந்தி எடுப்பவரை ஜன்னல் பக்கம் மாற்றுவது ஆகியன அவர் பணி. இவை எந்த ஆய்வேட்டிலும் இல்லை. இவ்விருவரின்றி முன் கூறியவற்றுள் எதுவும் நிகழாது. இவர்கள் சம்பளம் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை.

இருக்கை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலோரம் முதலில் ஏறியவருக்கு, கடைசி வரிசை ஒன்பதாம் வகுப்புக்கு, பை எல்லாருக்கும் மடியில்.

கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. தூரம் பள்ளியின் கணக்குப்படி. டீசல் விலை ஏறினால் ஏறும். இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் இல்லை. மே மாதத்தில் வண்டி மைதானத்தில் நிற்கிறது என்பதால் அம்மாதத்துக்குக் கட்டணம் உண்டா என்னும் வினா பள்ளிதோறும் எழும். பத்து மாதம் வாங்குவோரும் பதினொன்று வாங்குவோரும் உளர். ஆண்டுக்கு ஒரே தொகை எனச் சொல்லி மாதம் என்ற சொல்லையே தவிர்ப்போரும் உளர். மூன்றாமவரே இலக்கணம் அறிந்தவர்.

இறுதியாக, எஞ்சியவை. மாலையில் கடைசிப் பிள்ளை இறங்கியபின் ஆயாம்மா இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். தூங்கிப்போன பிள்ளை யாரும் இருக்கிறதா என்பதற்காகவே இத்தேடல், ஆண்டு முழுதும் இது விடுபடலாகாது. இதில் கிடைப்பவை தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ் மூடி, ஒற்றைச் சாக்ஸ், அழிப்பான், அடையாள அட்டைக் கயிறு. இவை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலுள்ள அட்டைப்பெட்டியில் சேர்க்கப்படும். பெட்டியில் இப்போது மூடியில்லாத பாட்டில்கள் மூன்றும், அவற்றில் எதற்கும் பொருந்தாத மூடிகள் ஐந்தும் உள்ளன. உரியவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.