அரைக் கிலோ குளிர்

பெரிய முதலியார்சாவடியில் கார் ஏசி குளிரவில்லை என்று வாய்விட்டுச் சொல்லும் முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். காய்ச்சல் என்று சொன்னால் டாக்டரைப் பாருங்கள் என்று விட்டுவிடுவார்கள். ஏசி என்றால் ஊரே டாக்டர்.

கத்திரி வெயில். புளோயரைக் கடைசி எண்ணுக்குத் திருப்பியும் என் காரில் வந்தது வெறும் காற்றுதான். மைத்துனன் பானெட்டைத் திறக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "கேஸ் காலி மாமா. ரொப்பிட்டா ஐஸ்தான்." டீக்கடைப் பெரியவருக்கு ஏசி என்பதே பிடிக்காது. "கண்ணாடிய எறக்குனா கடக்காத்து சும்மா வருது. அதுக்குப் போயி பெட்ரோல் செலவு பண்றியே" என்றார். மாமியார் காரணத்தை இன்னும் ஆழத்தில் தேடினார். "கார் எடுத்த அன்னிக்கு டயருக்கு வெச்ச எலுமிச்சம்பழத்துல ஒண்ணு நசுங்காம உருண்டு ஓடிச்சே, அப்பவே நெனச்சேன்."

டீக்கடைப் பெரியவரின் கட்சிக்கு வரலாற்றில் ஆதரவு உண்டு. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940 மாடல் கார்களில் ஏசி பொருத்தி விற்றது. டிக்கியில் பாதி இடம் அதற்கே போயிற்று. அதை நிறுத்த சுவிட்சு கிடையாது. குளிர் போதும் என்றால் காரை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து கம்ப்ரசர் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். இரண்டே வருடத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

மைத்துனன் கட்சிக்குத்தான் ஆதாரம் போதாது. கேஸ் என்பது பெட்ரோல் போல எரிந்து தீர்கிற சரக்கு அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் சுற்றிச் சுற்றி வருகிறது: கம்ப்ரசர் அழுத்துகிறது, முன்னால் ரேடியேட்டரை ஒட்டியிருக்கும் கண்டென்சரில் சூட்டை இறக்கிவிட்டுத் திரவமாகிறது, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் விரிந்து நம் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்புகிறது. சின்னக் கார் ஒன்றுக்கு அரைக் கிலோகூட வேண்டாம். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையை விட்டுவிட்டு கேஸ் மட்டும் போடும் கடைக்குச் சித்திரையில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை மொய் எழுதிக்கொண்டே இருக்கலாம்.

கோட்டக்குப்பம் பக்கம் ஒரு மெக்கானிக் தம்பி கேஸ் பேச்சையே எடுக்கவில்லை. "ஓடுறப்போ குளிருதாண்ணே? நிக்கிறப்போ மட்டும் போயிடுதா?" என்று கேட்டார். நிற்கும்போது மட்டும் குளிர் போனால் முன்னால் இருக்கும் ஃபேனைச் சந்தேகப்படலாமாம். எனக்கு இரண்டிலும் இல்லை. அடுத்து குளோவ் பாக்ஸைக் கழற்றி ஃபில்டரை உருவினார். சவுக்கு ஊசியும் கடற்கரை மணலுமாக ஒரு சின்னத் தோப்பே உள்ளே இருந்தது. அதைத் தட்டியதும் காற்று பலமாக வந்தது, குளிர் வரவில்லை. பிறகுதான் கேஜ் மாட்டினார். நீலம், சிவப்பு இரண்டு முள்ளும் இருக்க வேண்டிய இடத்துக்கு வெகு கீழே படுத்திருந்தன. மைத்துனன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மாலை மரியாதை எதிர்பார்ப்பு இருந்தது.

ஆனால் தம்பி குனிந்து கண்டென்சரை டார்ச் அடித்துப் பார்த்தார். கீழ் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கு. கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் சுற்றிவருவதால், கேஸ் கசியும் இடத்தில் ஆயில் தடம் விட்டுப்போகும். நைட்ரஜன் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழி வந்தது. பக்கத்து ஃபின்களை விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தன.

குற்றவாளி யார் என்று இந்தக் கரையில் சொல்லத் தேவையில்லை. வடக்கே மரக்காணம் உப்பளங்களில் பாத்தி பாத்தியாக உப்பு விளைய வெயிலும் காற்றும் வேண்டும். அதே காற்று நம் வாசலில் உப்பை இலவச டெலிவரி செய்கிறது. அலுமினியத்துக்குத் தன் மேலேயே ஒரு மெல்லிய ஆக்சைடு கவசம் உண்டு. உப்பின் குளோரைடு அதில் ஊசிக்குத்தாய்ப் பொத்தல் போடும். நானோ காரைக் கடலைப் பார்த்து நிறுத்துகிறவன். மாமியாரிடம் இதை விளக்கினேன். "திருஷ்டிக்கு உப்பைத்தான சுத்திப் போடுறோம். உப்பே கெடுத்துச்சுன்னா எப்படி?" என்றார். இதற்கு வேதியியலில் பதில் இல்லை.

புதுக் கண்டென்சர், புது டிரையர், அரை மணி நேரம் வேக்குவம், பிறகு பானெட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்ட கிராம் கணக்குக்குத் தராசில் நிறுத்துக் கேஸ். கூடப் போட்டாலும் குளிர் குறையுமாம். நம் ஊரில் பெரும்பாலான கார்களில் ஓடும் ஆர்134ஏ கேஸ், ஓசோனைக் கெடுத்த பழைய ஆர்12-க்கு மாற்றாக வந்தது. ஓசோனை விட்டுவிட்டுப் பூமியைச் சூடாக்குகிறது. 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 1,400 மடங்குக்கும் மேல். அரைக் கிலோ கசிந்தால் சுமார் 700 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். என் கார் குளிராத நாளிலும் ஊருக்குச் சூடு ஏற்றியிருக்கிறது.

கடற்கரையில் கார் வைத்திருப்பவர்கள் கேஸ் போடச் சொல்லும் முன் லீக் டெஸ்ட் கேளுங்கள். வாரம் ஒருமுறை கண்டென்சரை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோக விடாதீர்கள். ஃபின் மடங்கிவிடும், கண்டென்சருக்கு மறுபடியும் செலவு.