மணி மண்டபமும் கடிகாரமும்

கேள்வி: தொழிற்சாலை ஈதர்நெட் வலையில், செய்தி சென்று சேரவே நேரமாகையில், எல்லாக் கடிகாரங்களும் ஒரே கணத்தைக் காட்டுவது எங்ஙனம் சாத்தியம்?
— மேலூர் வாசகர்

பதில்: ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குப் பூஜை முடிந்த பின்னரே மதுரையில் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) அமுது செய்வார் என்றும், அதை அறிவிக்கவே வழிநெடுக மணி மண்டபங்கள் எழுப்பினார் என்றும் ஐதிகம். அந்தச் சுமார் 75 கிலோமீட்டரை ஒலி கடக்கவே ஏறக்குறைய மூன்றரை நிமிஷமாகும். ஒவ்வொரு காவலனும் மணியோசை கேட்டுக் கயிற்றை இழுக்கும் தாமதம் வேறு. அரசர் பசிக்கு அது பொருட்டன்று. இயந்திரத்துக்கோ மகா விபரீதம். ஆதலால் 2008-ல் திருத்தப்பெற்ற ஐ.இ.இ.இ. 1588 நெறி, செய்தி போய்வரும் காலத்தை அளந்து, அதில் பாதியைப் பயணத் தாமதமெனக் கொண்டு, இடைப்பட்ட ஸ்விட்சுகள் தத்தம் தாமதத்தையும் செய்தியிலேயே குறித்தனுப்ப வழிசெய்து, மைக்ரோ விநாடிக்கும் குறைந்த பிழையில் கடிகாரங்களை ஒன்றுபடுத்துகிறது. ஒரு காவலன் கண்ணயர்ந்தால் அரசர் பட்டினி என்ற நிலை நேராதிருக்க, இத்தகைய வலைகளில் முக்கியச் செய்தியை இரு வழிகளில் அனுப்பி, முந்தி வருவதையே ஏற்கும் ஏற்பாடும் உண்டு.