சேனைக்கிழங்குக்குத் தெரியும்

மருமவனே, செம்பூர்ல இருந்து போட்டோ அனுப்பிச்சீரே, பாத்தேன். தேக்குப் பெட்டி, பெட்டிக்குள்ள வெல்வெட்டு, வெல்வெட்டு மேல கத்தி. விலை 18,000 ரூவான்னு காதுல விழுந்ததுல இருந்து உங்க அத்தை தன்னோட அரிவாள்மனையைத் தட்டிக்காட்டி, "அப்போ இது எவ்வளவு போகும்?"னு கேட்டுக்கிட்டே இருக்கா. நான் வாயத் தொறக்கல. அரிவாள்மனையில உக்காந்திருக்கிற பொம்பளகிட்ட எதிர்ப்பேச்சு பேசி எனக்குப் பழக்கமில்ல.

கையால செஞ்ச கத்தின்னீரு. நல்ல காரியம். மெஷின் ஆயிரக்கணக்குல வெட்டித் தள்ளுத தகட்டை விட்டுட்டு ஒரு மனுசனோட கைவேலைக்குக் காசு குடுத்தீரே, அதுக்கு உம்ம முதுகுல தட்டணும். ஆனா அதுல என்னத்தைக் கண்டீருன்னு கேட்டா, "உடம்பு முழுக்க அலையலையா டிசைன் ஓடுது மாமா, டமாஸ்கஸ்"ங்கீரு. சேலை எடுக்கப் புறப்பட்டவரு வழி தப்பிக் கத்திக் கடைக்குப் போயிட்டீரோ?

அந்த டிசைன் சங்கதியைச் சொல்லுதேன், கேளும். ரெண்டு சாதி உருக்கை அடுக்கி, நெருப்புல ஒட்டவச்சு, மடிச்சு மடிச்சு அடிப்பாங்க. கடைசியில ஆசிட்டுல முக்குவாங்க. ஒண்ணு கறுத்துப்போகும், நிக்கல் கலந்த இன்னொண்ணு வெள்ளையாவே நிக்கும். அதுதான் உம்ம அலை. இந்த வித்தையை 1973ல வில்லியம் மோரன்ங்கிற அமெரிக்கக் கொல்லன் ஒரு கண்காட்சியில கொண்டுவந்து வச்சான். அதுக்கப்புறம் இந்தக் காலத்து ஆளுக்கெல்லாம் அதுமேல பித்து. வேலை சுத்தமா இருந்தா நல்ல கத்திதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா பழைய டமாஸ்கஸ் வாளு இது இல்ல. அது மூசையில இரும்பையும் கரியையும் சேத்து உருக்கி எடுத்த உருக்கு. நூத்துக்கு ஒண்ணரைப் பங்கு கரி ஏறின அந்தக் கட்டி நம்ம தென்னாட்டுல இருந்தும் தெலுங்கு தேசத்துல இருந்தும் கப்பல் ஏறிப் போச்சு. ஈரோட்டுப் பக்கம் நொய்யல் கரையில கொடுமணல்னு ஒரு ஊரு. தோண்டுனா உலையும் மூசையும் கிடைச்சுது. இங்கிலாந்துல ஸ்டோடார்ட்டுங்கிற கத்தி வியாபாரியும் மைக்கேல் ஃபாரடேயும் இந்த இந்திய உருக்கு ரகசியத்தைப் பிடிக்க மல்லுக்கட்டி, 1820ல கட்டுரையே எழுதுனாங்க. கரண்டுக்குப் பேர்போன அதே ஃபாரடேதான். அவரு அப்பன் ஒரு கொல்லன். நம்ம சிவகளையில கிடைச்ச இரும்பு 5,300 வருசத்துக்கு முந்தினதுன்னு 2025 சனவரியில தமிழ்நாடு அரசே அறிக்கை விட்டுருக்கு. அந்தத் தாமிரவருணிச் சீமையில பொறந்த உமக்கு ஒருத்தன் டமாஸ்கஸ்னு சொல்லி வித்துட்டான் பாரும், கொல்லன் தெருவுல ஊசி வித்தவன்கூட அவன்கிட்டப் பாடம் படிக்கணும்.

சரி, டிசைனை விடும். கத்திக்கு உசிரு எங்க இருக்கு? அதைப் பாக்கணும்னா ஊருக்குப் போகும்போது ஒரு கொல்லாசாரி பட்டறையில அரை நாள் உக்காரும். லாரிக்கு அடியில அடுக்கடுக்கா இருக்குமே பட்டை, அதைத் துண்டு போட்டு வச்சிருப்பாரு. பழசுதான்னு மூக்கைச் சுளிக்காதேயும். ஊர் ஊரா பாரம் தாங்கி வளைஞ்சு நிமிந்த உருக்கு அது. குறடால பிடிச்சுப் பட்டறைக்கல்லுல வச்சு, ஆசாரி சின்னச் சுத்தியால ஒரு தட்டுத் தட்டுவாரு. தட்டின இடத்துலயே எதிர்ல நிக்கிற ஆளு சம்மட்டியை இறக்கணும். அவங்களுக்குள்ள ஒரு பேச்சு இருக்காது. சின்னச் சுத்திதான் உத்தரவு. பல பட்டறையில சம்மட்டி பிடிக்கிறது அவரு பொஞ்சாதி. ராஜஸ்தான்ல இருந்து வந்து ரோட்டோரம் டேரா போடுத காடியா லோஹார் ஆளுகளைப் பாத்திருப்பீருல்லா? அங்கயும் சம்மட்டி பொம்பளை கையிலதான்.

பட்டறை ஏன் இருட்டா கிடக்கு, ஒரு டியூப் லைட்டு போட்டா என்னன்னு கேட்டுராதேயும். காய்ஞ்ச இரும்போட நிறம் இருட்டுலதான் கண்ணுக்குப் படியும். அடுத்த வேலையைத் துவைச்சல்னு சொல்லுவாங்க. கத்தியைக் கோவைப்பழச் செவப்புக்குக் காய்ச்சி, வாயை மட்டும் தண்ணியில முக்கி எடுப்பாரு. முதுகுல சூடு இன்னும் நிக்கும். வாயைக் கல்லுல ரெண்டு தேய்ப்புத் தேச்சு வெள்ளை காட்டிட்டு, கண்ணைக் கொட்டாம பாத்துக்கிட்டே நிப்பாரு. முதுகுச் சூடு மெல்ல வாய்க்கு இறங்கும். அந்த வெள்ளையில வைக்கோல் மஞ்சள் படரும். விட்டா பழுப்பாகும், ஊதாவாகும், நீலமாகும். மஞ்சள்னா 220, 230 டிகிரி. நீலம்னா 300ஐத் தொட்டாச்சு. எந்த வேலைக்கு அடிச்சாரோ அந்த நிறம் வாய்க்கு வந்த நொடியில கத்தியை முழுசா முக்கிருவாரு. முந்தினா வாய் பொரிஞ்சு உதிரும், பிந்தினா மழுங்கும். விலையெல்லாம் அந்த நொடிக்குத்தான். பிறகு சாணையில போட்டுத் தேச்சா அந்த நிறமும் அழிஞ்சுபோகும்; உம்ம போட்டோவுல விழாது.

அதனால பட்டறைக்காரரு மட்டும் யோக்கியரு, புதுசா பெல்ட் கிரைண்டரும் கரண்டு உலையும் வச்சு வேலை பாக்குத பையங்க எல்லாம் ஏமாத்துக்காரங்கன்னு நான் சொல்ல வரல. இந்த அம்பர்நாத் எம்.ஐ.டி.சி.யில லேத்து முன்னால ஆயுசுக்கும் நின்னவன் நான். கண்ணு பாக்குத வேலையை மீட்டரு பாத்தா தப்பில்ல. நல்ல கைக்காரன்கிட்ட, "என்ன உருக்கு தம்பி? எத்தனை டிகிரியில காய்ச்சி எதுல முக்குன? வாய் பொரிஞ்சா திருப்பி எடுத்துக்கிடுவியா?"ன்னு கேட்டுப் பாரும். மூணுக்கும் பட்டுபட்டுன்னு பதில் வந்தா பணத்தை எடும். "கைப்பிடி வால்நட்டு மரம் சார்"னு ஆரம்பிச்சான்னா செருப்பை மாட்டிரும்.

அமெரிக்காவுல கத்திக் கொல்லங்க சங்கம் ஒண்ணு 1976ல இருந்து நடக்கு. அதுல தேறணும்னா ஒருத்தன் தன் கத்தியால ஒரு அங்குலக் கயித்தைத் தொங்கவிட்டு ஒரே வெட்டுல அறுக்கணும். மரச்சட்டத்தை ரெண்டு தடவை வெட்டித் துண்டாக்கணும். அதுக்கப்புறமும் அதே வாயால கைமுடியை வழிச்சுக் காட்டணும். கடைசியில கத்தியை வைஸுல பிடிச்சு 90 டிகிரி வளைக்கணும், ஒடியக் கூடாது. உமக்கு அம்புட்டெல்லாம் வேண்டாம். மாட்டுங்கா மார்க்கெட்டுல ஒரு முழுச் சேனைக்கிழங்கு வாங்கியாரும். பெட்டியைத் தொறந்து, வெல்வெட்டைத் தள்ளி, ஒரு வெட்டு வெட்டும். கத்தியோட யோக்கியதை அதுக்குத் தெரியும். அது யார் முகத்துக்காகவும் பொய் சொல்லாது. வெட்ட மனசு வரலியா? திருப்பாச்சேத்திக்காரங்க கருப்பசாமிக்கு ஆளுயர அருவா அடிச்சுக் குடுக்காங்க, அது எதையும் வெட்டாது. உம்மதையும் அங்கயே காணிக்கையாப் போட்டுரும், புண்ணியமாவது மிஞ்சும்.

வெட்டின பொறவு சிங்குல ஊறப் போடாதேயும். துடைச்சு, ஒரு சொட்டு தேங்காண்ணெய் தடவும். எலுமிச்சை பட்டு கறுத்துப்போச்சுன்னு கடைக்காரனுக்குப் போன் பண்ணாதேயும்; கரி ஏறின உருக்குன்னா கறுக்கத்தான் செய்யும். சைக்கிள்ல சாணை பிடிக்க வாரவன்கிட்டக் குடுத்தா, தீப்பொறி பறக்குதேன்னு ரசிச்சுக்கிட்டு நிக்காதேயும். தண்ணி படாம சூடேறி வாய் நீலம் பூத்துச்சுன்னா துவைச்சல் செத்துரும். கல்லு ஒண்ணு வாங்கித் தண்ணி ஊத்தி நீரே தீட்டப் பழகும்.

இன்னொண்ணு. அலகு 9 அங்குலத்துக்கு மேல நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல அகலமோ போனா ஆயுதச் சட்ட விதியில அது ஆயுதக் கணக்கு. வீட்டுக்கும் வயலுக்கும்னு செஞ்சதுக்கு விலக்கு உண்டு. உம்ம கத்தி அடுக்களையில இருக்கிற வரைக்கும் அது வீட்டுக் கத்தி. லோக்கல் டிரெயின்ல கையில பிடிச்சு செல்ஃபி எடுத்தீருன்னா, டிசைன் நல்லாருக்குன்னு போலீஸ்காரனும் சொல்லுவான், ஸ்டேஷன்ல வச்சு.

கடைசியா கூலி விசயம். போன கோயில் கொடைக்கு ஊருக்குப் போனப்போ கொல்லாசாரி ஒரு வெட்டுகத்திக்கு 600 கேட்டாரு. நீரு 400ல நின்னீராம். அதே கை, அதே இருட்டு, அதே மஞ்சள். பெட்டிதான் இல்ல. 18,000ன்னதும் வாயத் தொறக்காத மனுசனுக்கு 600ன்னதும் பேரம் எங்கிருந்து வந்துச்சு? இப்படியே நாலு ஊரு பேசுனா ஆசாரி மவன் ஆட்டோ ஓட்டப் போயிருவான், போயிட்டும் இருக்கான்.

கூலிதான் இல்ல, ஆசாரிக்குப் பேராவது உண்டா? 2021ல தமிழ்நாட்டுப் போலீஸ், அருவா வாங்குறவன் பேரு விலாசத்தை எழுதி வைக்கணும்னு பட்டறைக்காரங்ககிட்டச் சொல்லிச்சு. வாங்குனவன் பேரு நோட்டுல ஏறிட்டு, அடிச்சவன் பேரு அருவாளுல இல்ல. 1060ல கட்டினதுங்காங்க நம்ம அம்பர்நாத் சிவன் கோயிலை. அந்தக் கல்லையெல்லாம் கொத்தின உளிக்குத் துவைச்சல் வச்சவன் எவன்னு யாரைக் கேக்க? அதனால அடுத்த தடவை ஊருக்குப் போனா ஆசாரி கேட்ட காசைக் குடுத்துட்டு, கத்தி முதுகுல அவரு பேரைக் கொத்தித் தரச் சொல்லும். வெட்டுச்சுன்னா யாரை மெச்சணும், வெட்டலைன்னா யாரை ஏசணும்னு உங்க அத்தைக்குத் தெரியணும்லா.